நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கு எதற்குத் தனியாக நடைப்பயிற்சி? ஹிஸ்பானிக் மக்களும் மறதி நோயும்

சுளுக்கெடுப்பவள்
வெள்ளி, காலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள்தான். நேற்று ஒரு சம்பவம் எழுத வைத்துவிட்டது.

நான் சான் டியேகோவின் தென்பக்கம், மெக்சிகோ எல்லையை ஒட்டின பகுதியில் பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்களில் முக்கால்வாசி மெக்சிகோ வழிக் குடும்பங்கள். நேற்று 61 வயது அம்மா ஒருவர் தோள்வலியோடு வந்தார். ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை, ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறை. மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி, இன்னொரு கையால் விரிப்பைச் செருகிச் செருகி வலது தோள் காது வரைக்கும் ஏறி நிற்கிறது. பார்த்து முடித்துக் கிளம்பும்போது, அவருடைய அம்மாவுக்கு மறதி நோய் வந்து கடைசி ஆறு வருடம் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனதைச் சொன்னார். "எனக்கும் அது வராமல் இருக்க என்ன செய்யணும்?"

நான் கிளிப்பிள்ளை மாதிரி, "வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிஹா, காலையில ஆறு மணியிலிருந்து நான் உட்காரவே இல்லை. உட்கார்ந்திருக்கிறது நீதான்" என்றார். மிஹா என்றால் அவர்கள் பேச்சில் மகளே என்று பொருள்.

நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் கேள்வி இதுதான். இவர் வேலையில் நடக்கிற நடை மூளைக்குக் கணக்கா இல்லையா? அமெரிக்காவில் வயதான ஹிஸ்பானிக் மக்களுக்கு (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) வெள்ளையர்களைவிட ஒன்றரை மடங்கு அல்சைமர் வர வாய்ப்பு என்று அல்சைமர் சங்கம் சொல்கிறது. உடலுழைப்பு வேலைகளில் அதிகம் இருப்பவர்களும் இவர்கள்தானே. உழைப்பு காப்பாற்றும் என்றால் கணக்கு இடிக்கிறதே?

நெல்லைக்காரன்_நியூஜெர்சி
வெள்ளி, காலை 7:15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நடை என்றால் நடைதான். ஓட்டல் வராந்தாவில் நடந்தால் என்ன, பார்க்கில் நடந்தால் என்ன, காலுக்குத் தெரியுமா? எங்கள் தாத்தா வயலைத் தவிர வேறு ஜிம்மைப் பார்த்ததில்லை. 91 வயதில் கடன்காரன் பெயர், தொகை, வட்டி எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்.

சராசரி_மனிதன்
வெள்ளி, காலை 9:02

தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் மறந்துபோன தாத்தாக்களைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை என்பதையும் பாருங்கள்.

(நான் புள்ளியியல்காரன், மருத்துவன் இல்லை.) அக்காவின் கேள்வியில் முதல் சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. ஹிஸ்பானிக் மக்களை மட்டும் வைத்து அமெரிக்காவில் நடக்கும் பெரிய ஆய்வு ஒன்று 2008இல் தொடங்கியது. சுருக்கப் பெயர் சோல், ஸ்பானிஷில் சூரியன். பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ என நான்கு இடங்கள், 18 முதல் 74 வயது வரை 16,415 பேர். அதில் உடல் அசைவை இரண்டு விதமாக எடுத்தார்கள்.

ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள். வேலையில் எவ்வளவு, போக வர எவ்வளவு, ஓய்வு நேரத்தில் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும். அதன்படி பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேவையான அளவு உழைக்கிறவர்கள். அதில் பெரும்பங்கு வேலையில் வந்தது.

இன்னொன்று, இடுப்பில் ஒரு வாரம் கட்டிக்கொள்ளும் அசைவுமானி. சுமார் 12,000 பேருடைய பதிவைப் பார்த்தால், கருவியோடு இருந்த நேரத்தில் 74 சதவீதம் அசையாமல் கழிந்திருக்கிறது. நாளைக்கு 11.9 மணி நேரம்.

ஒரே மக்கள், இரண்டு கதை. உடனே "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தக் கருவிக்கு இடுப்பு அசைந்தால்தான் அசைவு. அது பதியும் அசைவு எண்ணிக்கை நிமிடத்துக்கு 100க்குக் கீழே போனால் "உட்கார்ந்திருக்கிறார்" என்று எழுதிக்கொள்ளும். நின்றபடி இஸ்திரி போட்டால் அதன் கணக்கில் நீங்கள் சோபாவில். சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பவரும் கைவீசி நடப்பவரும் அதற்கு ஒன்றுதான்.

சுளுக்கெடுப்பவள்
வெள்ளி, மதியம் 12:20

அட, அப்படியானால் மெத்தை விரிக்கிறவரும் சோபாவில்தானே? என்னிடம் இடுப்பில் மாட்டுகிற பழைய காலடி எண்ணி ஒன்று கிடக்கிறது. இந்த வாரக் கடைசியில் மாட்டிக்கொண்டு வீட்டில் படுக்கை விரித்துப் பார்க்கிறேன்.

சான்அந்தோனியோ_மருமகன்
வெள்ளி, இரவு 10:48

இந்த இழை எனக்காகவே தொடங்கின மாதிரி இருக்கிறது. நான் மதுரைக்காரன், மனைவி வீடு மூன்று தலைமுறையாக டெக்சாஸில் இருக்கும் மெக்சிகன் குடும்பம். மாமனாருக்கு இப்போது 69.

35 வருடம் கூரை போடுகிற வேலை. டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் கூரைமேல் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம். தார் ஷீட் கட்டு ஒன்றைத் தோளில் போட்டு ஏணியில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன், அப்போது அவருக்கு 60. முழங்கால் போனதும் வேலையை விட்டார். விட்ட நாளிலிருந்து டிவிக்கு முன்னால் ஒரு சாய்வு நாற்காலி. அதன் கைப்பிடியில் அவர் உள்ளங்கை அச்சு பதிந்திருக்கிறது, மிகையில்லை.

"கொஞ்சம் நடந்துட்டு வாங்க சார்" என்றால் கோபம் வரும். நடப்பது என்றால் அவருக்குக் கார் இல்லாதவன் செய்வது. உடற்பயிற்சி வேலையில்லாதவன் செய்வது. உடம்பை அசைப்பதற்கு யாராவது கூலி கொடுத்தால்தான் அவருக்கு அதில் அர்த்தம். வாழ்நாள் முழுக்க ஓய்வுநேர அசைவு என்று ஒன்று இருந்ததே கிடையாது. அதனால் வேலை நின்ற அன்றே உடம்பும் நின்றுவிட்டது.

இப்போது சர்க்கரை, பிரஷர் இரண்டும். சமீபத்தில் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டார். 40 வருடமாக ஓட்டுகிற தெரு.

மாமியார் கதை வேறு. அவர் உட்காருவதே இல்லை, நான்கு பேரக்குழந்தைகள். ஆனால் அதை யாரும், அவரும் உட்பட, உழைப்பு என்று சொல்வதில்லை.

இரவுப்பணி
சனி, அதிகாலை 4:30

மருமகன் சார், அந்தத் திருப்பம் விட்டுப்போன விஷயத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் எல்லாரும் "வயசாச்சு" என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் வார்டில் பார்க்கிற கதைதான்.

நான் நியூயார்க்கில் இரவு நர்ஸ். வடக்கு மன்ஹாட்டனில், வாஷிங்டன் ஹைட்ஸ் பக்கமாக டொமினிக்கன் மக்கள் நிறைய. அந்தப் பகுதியை வைத்து 1993இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்று உண்டு, பெயர் நோமாஸ். இதையே ஸ்பானிஷில் பிரித்துச் சொன்னால் "போதும், இனி வேண்டாம்" என்று வரும். கூட வேலை பார்க்கிற டொமினிக்கன் தோழி அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பாள்.

2011இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் 1,238 பேருக்கு மூளை எம்ஆர்ஐ. சராசரி வயது 70, அதில் 65 சதவீதம் ஹிஸ்பானிக். யாருக்கும் அதுவரை பக்கவாதம் வந்ததில்லை, அதாவது வந்ததாகத் தெரியாது. ஸ்கேனில் பார்த்தால் 16 சதவீதம் பேருக்கு மௌனப் பக்கவாதம். கை கால் விழாது, வாய் கோணாது, மூளைக்குள் சின்னதாக ஒரு இடம் செத்துப்போயிருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் தெரியாது. சேரச் சேர யோசனை மந்தமாகும், நடை தடுமாறும்.

மற்ற காரணங்களைக் கழித்த பிறகு, மிக அதிகமாக உடற்பயிற்சி செய்த கால்வாசிப் பேருக்கு இது இருக்கும் வாய்ப்பு, எதுவும் செய்யாதவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. சும்மா காற்று வாங்கப் போகிற மென்மையான நடைக்கு அந்தப் பலன் தெரியவில்லை. 43 சதவீதம் பேர் "எதுவுமே செய்வதில்லை" என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அக்கா, உங்கள் கேள்விக்கு முக்கியமானது இது. அவர்கள் கேட்டது ஓய்வுநேர உடற்பயிற்சியை மட்டும். அந்த "எதுவுமே செய்யாத" 43 சதவீதத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. மருத்துவக் காப்பீடே இல்லாதவர்கள், அல்லது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் இருந்தவர்கள், இவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தென்படவே இல்லை.

நெல்லைக்காரன்_நியூஜெர்சி
சனி, காலை 8:10

காப்பீட்டு அட்டைக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்? பாக்கெட்டில் அட்டை இருந்தால்தான் ரத்தம் ஓடுமா?

இரவுப்பணி
சனி, மாலை 6:05

இப்போதுதான் எழுந்தேன். சம்பந்தம் இருக்கிறது அண்ணா.

ஒரு நோயாளி, டாக்சி ஓட்டியவர். பிரஷர் மாத்திரையை நாளுக்குப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்தார். 30 மாத்திரையை 60 நாளைக்கு இழுத்தார். உடைக்கத் தனியாக ஒரு சின்னக் கத்தி, மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருந்தது. வாரத்தில் மூன்று நாள் நண்பர்களோடு பேஸ்பால் ஆடுகிறவர்தான். பேஸ்பால் ஆடட்டும், ஆனால் 170இல் நிற்கிற பிரஷர் மூளையின் மெல்லிய குழாய்களை அடித்துக்கொண்டேதானே இருக்கும்?

உடற்பயிற்சி மூளைக்குச் செய்கிற நல்லதில் ஒரு பங்கு ரத்தக்குழாய் வழியாகத்தான். பிரஷர் இறங்கும், சர்க்கரை கட்டுப்படும், குழாய்ச் சுவர் விறைக்காது. அந்தப் பக்கம் மருந்து இல்லாமல் உடைத்துக்கொண்டே போனால் இந்தப் பக்கம் கட்டுவது எங்கே நிற்கும்? காப்பீடு என்பது அங்கே வாழ்க்கைக் கஷ்டம் மொத்தத்துக்கும் ஒரு அடையாளம். மன உளைச்சல், தூக்கம், வாடகை, எல்லாம் அதற்குள் அடக்கம்.

சராசரி_மனிதன்
சனி, இரவு 9:40

இரவுப்பணி சொன்னதோடு சேர்த்து ஒன்று. வேலை உழைப்பும் ஓய்வுநேர உழைப்பும் உடம்புக்கு ஒன்றில்லை என்பதற்கு டென்மார்க்கிலிருந்து நல்ல தரவு இருக்கிறது. கோபன்ஹேகன் ஆண்கள் 4,700 சொச்சம் பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், கடினமான உடலுழைப்பு வேலை பார்த்தவர்களுக்கு உட்கார்ந்த வேலைக்காரர்களைவிட டிமென்ஷியா (மறதி நோய்) அபாயம் 55 சதவீதம் கூடுதல். 2021இல் வந்தது. புகை, மது, பிரஷர் எல்லாம் கழித்த பிறகும்.

டென்மார்க் ஆண்களை அப்படியே மெக்சிகோப் பெண்கள் மேல் ஒட்ட முடியாது. ஆனாலும் காரணம் யோசிக்கத் தக்கது. ஓடப் போகிறவன் அரை மணி நேரம் இதயத்தை விரட்டுகிறான், அப்புறம் குளித்து, சாப்பிட்டு, ஓய்வெடுக்கிறான். வேலையில் இருப்பவருக்கு இதயத்துடிப்பும் பிரஷரும் எட்டு மணி நேரம் அரைகுறையாக ஏறியே நிற்கும். மூச்சு வாங்குகிற அளவுக்கு உயராது, ஓய்வு அளவுக்கு இறங்காது. எப்போது நிறுத்தலாம் என்பதும் அவர் கையில் இல்லை. மறுநாள் மறுபடி.

இனி என் பங்குக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். "உடற்பயிற்சி செய்தவருக்கு மறதி குறைவு" என்ற எல்லாச் செய்தியையும் திருப்பிப் போட்டும் பாருங்கள். மறதி நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல வருடம் முன்பே ஆள் வெளியே போவதைக் குறைத்துவிடுகிறார். பிரிட்டனில் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 28 வருடம் பார்த்த வைட்ஹால் ஆய்வில், நோய் தெரிவதற்கு ஒன்பது வருடம் முன்பிருந்தே அசைவு சரியத் தொடங்கியிருந்தது. மருமகன் சாரின் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்ததால் மூளை மங்கியதா, மங்கத் தொடங்கியதால் நாற்காலியை விட்டு எழவில்லையா? ஒரு குடும்பத்துக் கதையை வைத்து யாராலும் பிரிக்க முடியாது.

சான்அந்தோனியோ_மருமகன்
சனி, இரவு 11:15

எனக்கு முழங்கால் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் கேட்டபிறகு தூக்கம் வரவில்லை.

வாசிப்பதோடு_சரி
ஞாயிறு, காலை 10:30

ஒரு சின்ன ஆட்சேபம். ஹிஸ்பானிக் ஹிஸ்பானிக் என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். மயாமியில் கியூபாக்காரர், பிராங்ஸில் புவர்த்தோ ரிக்கோக்காரர், சான் டியேகோவில் மெக்சிகோக்காரர். பாஷை தவிர என்ன பொதுவாக இருக்கிறது? சாப்பாடு வேறு, வந்த வழி வேறு, குடியுரிமை நிலை வேறு. தென்னிந்தியர் எல்லாரும் "மதராசி" என்கிற மாதிரி இருக்கிறது.

சராசரி_மனிதன்
ஞாயிறு, காலை 11:20

நூற்றுக்கு நூறு சரி. சோல் ஆய்வே அதைத்தான் காட்டியது. சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள்: மெக்சிகோ வழியினரிடம் 18.3 சதவீதம், தென் அமெரிக்க வழியினரிடம் 10.2. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் யாருக்கும் பொருந்தாத எண் கிடைக்கும். சராசரி மனிதன் நானே சொல்கிறேன்.

அதன் கிளையாக சோல்-இன்கா என்று ஒன்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஹெக்டர் கொன்சாலஸ் தலைமையில், நடுவயதையும் முதுமையையும் தொட்ட 6,377 பேருக்கு நினைவுச் சோதனை. 15 சொற்களைப் படித்துக்காட்டி, திரும்பச் சொல்ல வைத்து, இடையில் வேறு பட்டியலால் குழப்பி, பிறகு முதல் பட்டியலைக் கேட்பார்கள். ஸ்பானிஷோ ஆங்கிலமோ, அவரவர் விருப்பம். லேசான நினைவுக் குறைபாடு 9.8 சதவீதம் பேரிடம்.

எனக்கு அதில் பிடித்த முடிவு வேறு. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் என்று எல்லாரும் பயப்படுகிற அந்த ஏபிஓஇ-4 மரபணு, இவர்களிடம் இந்தக் குறைபாட்டோடு பெரிதாக ஒட்டவில்லை. ஒட்டியது வயது, இதயநோய் அபாயம், மனச்சோர்வு. ஓட்டல் அம்மாவிடம் "அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று விதி இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம்.

சோதனையில் ஒரு ஓட்டையும் உண்டு. ஆறாம் வகுப்போடு வயலுக்குப் போனவருக்குத் தாளும் பென்சிலும் வைத்து, எண்ணுக்குரிய குறியைப் போடு, கடிகாரம் ஓடுகிறது என்றால் கை நடுங்கத்தான் செய்யும். பள்ளிக்கூட வருடங்களைக் கணக்கில் சரிசெய்கிறார்கள்தான். நடுக்கத்தைச் சரிசெய்ய ஒரு சூத்திரமும் இல்லை.

மட்டுறுத்துனர்
ஞாயிறு, மதியம் 1:00

வல்லாரை மாத்திரை விற்கும் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை போட்டால் கணக்கையும் நீக்குவேன். தொடருங்கள்.

கூட்டாஞ்சோறு
ஞாயிறு, மாலை 4:45

இவ்வளவு பேசினீர்கள், ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே!

நான் சிகாகோவில், பில்சன் பக்கத்தில் இருக்கிறேன். சுவர் முழுக்க ஓவியம் இருக்கிற மெக்சிகன் பேட்டை. எதிர்வீட்டு அம்மாவுக்கு 72 வயது. "ஜிம்" என்றால் முகம் சுளிப்பார். ஆனால் பேத்தியின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவில் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஆடினதை நான் பார்த்தேன்.

இதைத்தான் இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் டேவிட் மார்க்கேஸ் என்பவர் பிடித்துக்கொண்டார். முதிய லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) மக்களுக்கு வாரம் இருமுறை, நான்கு மாதம், ஒவ்வொரு வகுப்பும் ஒரு மணி நேரம் நடனம். மெரெங்கே, சாச்சாச்சா, பச்சாத்தா, சால்சா. திட்டத்தின் பெயர் பைலாமோஸ், "நாம் ஆடுகிறோம்".

எதிர்வீட்டு அம்மா எனக்குப் பச்சாத்தா சொல்லிக்கொடுத்தார், சமையலறையிலேயே. பக்கவாட்டில் மூன்று அடி, நான்காவது தாளத்துக்குக் கால் வைக்கக்கூடாது, இடுப்பை லேசாகத் தூக்கி நிறுத்தவேண்டும். திரும்பி அந்தப் பக்கம் மூன்று, மறுபடி தூக்கு. எழுதினால் ஒன்றுமில்லை. நான் நான்காவதில் கால் வைத்துவிடுவேன், எல்லாம் கவிழ்ந்துவிடும். தாளத்தைக் கேட்கணும், எண்ணணும், எதிரில் இருப்பவர் எங்கே திரும்புகிறார் என்று பார்க்கணும், வைக்க நினைக்கிற காலை வைக்காமல் பிடிக்கணும். பதினைந்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது, கால் வலிக்கு முன்னால் தலை வலித்தது. டிரெட்மில்லில் எனக்கு ஒருநாளும் தலை வலித்ததில்லை. அங்கே மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

அப்புறம், அடுத்த வகுப்புக்கு ஆள் வருவார். இதைவிட வேறென்ன வேண்டும்?

சராசரி_மனிதன்
ஞாயிறு, இரவு 8:30

ஆள் வருவார் என்பது பெரிய விஷயம், கிண்டலுக்குச் சொல்லவில்லை. பாதியில் விட்டுப்போகிறவர்களால்தான் பல பரிசோதனைகள் செத்திருக்கின்றன.

நடையும் பயனற்றதில்லை. 2011இல் கிர்க் எரிக்சன் குழு, வயதான 120 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள் நடக்க வைத்தது. ஒரு வருடத்தில் அவர்களுடைய ஹிப்போகேம்பஸ், நினைவைச் சேர்த்து வைக்கிற பகுதி, 2 சதவீதம் வளர்ந்தது. சும்மா உடம்பை வளைத்து நீட்டியவர்களுக்கு அது சுருங்கியது. உலகமெல்லாம் தலைப்புச் செய்தி.

ஆனால் நான்கு வருடம் கழித்து வந்த பெரிய பரிசோதனை, 70 வயதைத் தாண்டிய 1,635 பேர், இரண்டு வருடம்: நடக்க வைத்த குழுவுக்கும் ஆரோக்கிய வகுப்பில் உட்கார வைத்த குழுவுக்கும் நினைவுச் சோதனையில் வித்தியாசம் இல்லை. இதற்குத் தலைப்புச் செய்தி இல்லை.

2025 ஜூலையில் யுஎஸ் பாயிண்டர் என்ற பரிசோதனையின் முடிவு வந்தது. 60 முதல் 79 வயது வரை, அபாயம் உள்ள 2,111 பேர், இரண்டு வருடம். உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, பிரஷர் கண்காணிப்பு எல்லாம் சேர்த்தது. இரண்டு குழுவுமே முன்னேறியது. கூட்டம் கூட்டி, கூடவே இருந்து செய்ய வைத்த குழு, "நீயே பார்த்துக்கொள்" என்று விட்ட குழுவைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கூட்டாஞ்சோறு அக்காவின் கட்சிக்கு இது பலம்.

நெல்லைக்காரன்_நியூஜெர்சி
ஞாயிறு, இரவு 9:12

நானும் கொஞ்சம் தேடினேன். பொலிவியா காட்டில் சிமானே என்று ஒரு மக்கள். வேட்டை, மீன், கிழங்குச் சாகுபடி. 746 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் வயதோடு மூளை சுருங்குகிற வேகம் அமெரிக்க, ஐரோப்பிய மக்களைவிட 70 சதவீதம் குறைவு. அங்கே ஓய்வுநேர உடற்பயிற்சி எங்கே இருக்கிறது? எல்லாம் வேலைதான். எங்கள் தாத்தா கட்சி ஜெயித்தது.

இரவுப்பணி
திங்கள், அதிகாலை 3:20

அண்ணா, சிமானே மக்கள் பழங்குடியினர், அவர்களை ஹிஸ்பானிக் என்று சேர்க்க முடியாது. ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அவர்களுக்கும் அது வேலைதான். ஆனால் களைத்தால் உட்காரலாம், மேலே நின்று கடிகாரம் பார்க்க மேஸ்திரி இல்லை. சர்க்கரையும் பிரஷரும் மிகக் குறைவு, இதயக் குழாய் அடைப்பு உலகிலேயே குறைந்த அளவு என்கிறார்கள். பதினான்கு அறையை முடித்துவிட்டு, குளிர்பானத்தோடு இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகிறவருக்கு நடப்பதை அதோடு எப்படி ஒப்பிடுவது?

உங்கள் தாத்தாவுக்கும் மேஸ்திரி கிடையாதுதானே? நிலம் சொந்தம்தானே?

நெல்லைக்காரன்_நியூஜெர்சி
திங்கள், காலை 7:30

சொந்தம்தான். நாலு ஏக்கர். நாற்று நட்டது வேறு ஆட்கள் என்று அப்பா இப்போது போனில் சொல்கிறார். சரி, விடுங்கள்.

வாசிப்பதோடு_சரி
திங்கள், காலை 9:00

:) இதே மாதிரி நம்மாட்களை வைத்து ஏதாவது உண்டா?

சராசரி_மனிதன்
திங்கள், காலை 9:45

அமெரிக்கத் தெற்காசியர்களுக்கு மசாலா என்றே ஒரு ஆய்வு உண்டு, பெயர் விளையாட்டில்லை. 2010இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 906 பேரோடு தொடங்கியது. முக்கியமாக இதயம், சர்க்கரை. அதற்குத் தனி இழை போடலாம், இங்கே கலக்க வேண்டாம்.

சுளுக்கெடுப்பவள்
மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 9:50

இழையைத் தொடங்கிவிட்டு ஓடிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கணக்கோடு வந்திருக்கிறேன்.

முதலில் படுக்கை. காலடி எண்ணியை இடுப்பில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு இரட்டைப் படுக்கை இரண்டையும் ஓட்டல் முறையில் விரித்தேன். மூலை மடிப்பு, தலையணை உறை, மேல்விரிப்பு எல்லாம். 19 நிமிடம். முதுகு நனைந்துவிட்டது, மூச்சு வாங்கியது. கருவியைப் பார்த்தால் 112 அடி. வேலை முழுவதும் கையிலும் முதுகிலும் தோளிலும் நடந்திருக்கிறது, இடுப்புக்குச் செய்தியே போகவில்லை. ஓட்டல்காரர்கள் இதைவிட மூன்று மடங்கு வேகத்தில் முடிப்பார்களாம்.

அந்த அம்மா இன்று மூன்றாவது முறையாக வந்தார். தோள் பரவாயில்லை. இந்தத் தடவை 150 நிமிடக் கதையை எடுக்கவில்லை. "பிரஷர் பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்றேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது, இரவுப்பணி எழுதினதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அங்கேயே பட்டை கட்டிப் பார்த்தேன், 162க்கு 94. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி, 158. அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வந்தேன். மாத்திரை எழுதியிருக்கிறார். பாதியாக உடைக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

பச்சாத்தா பற்றியும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அப்புறம் பூங்காவில் பெண்கள் கூடி ஆடுவார்களாம், அவருடைய நாத்தனார் போகிறாராம். "ஞாயிறு ஒருநாள்தான் கால் எனக்குச் சொந்தம். அன்னைக்கும் ஆடவா?" என்றார். பிறகு, "பாட்டு நல்லா இருந்தா பார்க்கலாம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

கிளம்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "மறதிக்கு நடக்கணும்னு சொன்னியே, அதை என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு." தோட்ட வேலை பார்த்தவர், 67 வயது, இரண்டு வருடமாக வீட்டில்தான். மருமகன் சார், உங்கள் மாமனாரின் தம்பி மாதிரியே இருக்கிறார். வெளியே காரில் காத்திருந்தவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

மனுஷர் உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், நேரே போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். மீதி நேரம் முழுக்க நான் நின்றுகொண்டேதான் பேசினேன்.

சான்அந்தோனியோ_மருமகன்
வியாழன், இரவு 11:30

எங்கள் மாமனாருக்கு அடுத்த செவ்வாய் நினைவுச் சோதனை. ஸ்பானிஷிலேயே வைக்கிற இடமாகத் தேடிப் பிடித்தோம். பதினைந்து சொல்லாம், சராசரி_மனிதன் சொன்னது போலவேதான் இருக்கிறது. "பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு இன்று காலை சவரம் செய்துகொண்டார்.